பணம் கட்டியாயிற்று என்பதற்காகக் கடலில் இறங்காதீர்கள்

மாலத்தீவில் ஒரு தீவு முழுவதும் ஒரே விடுதியாக இருப்பதுதான் வழக்கம். 1972-இல் தலைநகர் மாலேவுக்கு அருகே குரும்பாவில் முதல் விடுதி திறந்தது. இன்று நாட்டின் வடகோடி முதல் தென்கோடி வரை விடுதித் தீவுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு தீவின் மருத்துவ அறையில் பணியாற்றிய மருத்துவர் நான். கொழும்பிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத் தொலைவு என்பதால், தேனிலவுக்கும் குடும்பச் சுற்றுலாவுக்கும் தமிழர்கள் நிறையவே வருகிறார்கள். அவர்களில் பலர் வாழ்நாளில் முதன்முறையாகக் கழுத்தளவுக் கடல்நீரில் இறங்குவது அங்கேதான். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

'ஆல் இன்க்ளூசிவ்', அதாவது எல்லாம் அடக்கம் என்று விற்கப்படும் தொகுப்பில் பொதுவாக என்னென்ன அடக்கம்? மூன்று வேளை உணவு, மது உள்ளிட்ட பானங்கள், உடற்பயிற்சிக்கூடம், கயாக், நின்றபடி துடுப்புப் போடும் பலகை, ஸ்நார்க்கலிங் (நீர்ப்பரப்பில் குப்புற மிதந்து, குழல் வழியாக மூச்சுவிட்டபடி கடலடியைப் பார்ப்பது) செய்வதற்கான முகக்கண்ணாடி, மூச்சுக்குழல், காலில் மாட்டும் துடுப்பு ஆகியவை. சில விடுதிகளில் டால்பின் பார்க்கும் படகுப் பயணமும் சேர்ந்திருக்கும். ஜெட் ஸ்கீ, பாராசெயிலிங், காற்று உருளையைச் சுமந்து ஆழத்தில் முழுகும் ஸ்கூபா, ஸ்பா போன்றவற்றுக்குப் பெரும்பாலும் தனிக்கட்டணம்.

இந்தப் பட்டியலில் ஒரு மருத்துவரின் கண்ணுக்குப் படுவது வேறு ஒன்று. தனிக்கட்டணம் வாங்கும் ஸ்கூபாவுக்கு மருத்துவப் படிவம் உண்டு, பயிற்றுநர் உண்டு, அரசின் விதிமுறை உண்டு. பொழுதுபோக்கு ஸ்கூபாவில் 30 மீட்டருக்குக் கீழே யாரும் போகக் கூடாது என்பது மாலத்தீவின் சட்டம். தொகுப்புக்குள் அடங்கிய ஸ்நார்க்கலிங்குக்கோ பல இடங்களில் இவை எதுவும் இல்லை. கடற்கரைக் குடிலில் அறை எண்ணைச் சொன்னால் கருவிகளைக் கொடுத்துவிடுவார்கள். நீச்சல் தெரியுமா, இதய நோய் உண்டா, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. அதனால் ஸ்கூபா உருளையைவிட அந்தச் சாதாரண மூச்சுக்குழல்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கும்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். கரையிலிருந்து பார்த்தால் பாலும் நீலமும் கலந்த நிறத்தில், இடுப்பளவு ஆழத்தில், அலையே இல்லாமல் நீர் விரிந்து கிடக்கும். அது பவளப்பாறை வளையத்துக்கு உட்பட்ட லகூன். இன்னும் சற்றுத் தள்ளி நீரின் நிறம் திடீரென்று கருநீலமாகும். அங்கே பவளப்பாறையின் மேல்தளம் முடிந்து சுவர்போல் செங்குத்தாக இறங்குகிறது. மீன்கள் கூட்டம் கூட்டமாக இருப்பதும் அந்த விளிம்பில்தான் என்பதால் எல்லோரும் அதை நோக்கியே போகிறார்கள். ஒரு கணம் முன்புவரை காலுக்குக் கீழே ஒரு மீட்டரில் பாறை தெரிந்திருக்கும். இரண்டு முறை காலை உதைத்ததும் அடியே தெரியாத நீலம். நீச்சல் தெரியாதவருக்கு அந்த இடத்தில் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வேகமெடுக்கிறது, தலையைத் தூக்கி நிற்கப் பார்க்கிறார், நிற்பதற்குத் தரை இல்லை, குழலுக்குள் நீர் புகுகிறது. இத்தனையும் நடப்பதற்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

விளிம்பில் நீரோட்டமும் இருக்கும். பவளத்திட்டுகளுக்கு இடையே உள்ள கால்வாய்கள் வழியாக ஓதம் ஏறும்போது நீர் உள்ளே பாய்கிறது, இறங்கும்போது வெளியே இழுக்கிறது. காலையில் குளம்போல் கிடந்த அதே இடம் பிற்பகலில் ஆளை இழுத்துக்கொண்டு போகலாம். மே முதல் நவம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் இன்னும் முரடாக இருக்கும். எந்த வழியாக இறங்குவது, எந்த வழியாக ஏறுவது, இன்றைக்கு ஓட்டம் எந்தப் பக்கம் என்ற மூன்று கேள்விகளையும் அன்றன்றைக்கு நீர்விளையாட்டு மையத்தில் கேளுங்கள். நேற்றுக் கேட்ட பதில் இன்றைக்கு உதவாது.

ஸ்நார்க்கலிங் செய்பவர் ஆபத்தில் இருப்பதைக் கரையில் இருப்பவர்களால் கண்டுகொள்ள முடிவதில்லை. மீன் பார்ப்பவரும் முகம் குப்புற மிதக்கிறார், நினைவிழந்தவரும் முகம் குப்புறத்தான் மிதக்கிறார். நீரில் மூழ்குபவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று நம்மில் பலர் நம்புகிறோம். உண்மையில் மூச்சுக்கே வழியில்லாதவரால் குரல் எழுப்ப முடியாது. அதனால்தான் தனியாகப் போகக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். இருவராகப் போவதென்றால் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கணவர் முன்னால் கேமராவோடு போக, மனைவி இருபது மீட்டர் பின்னால் வருவது தனியாகப் போவதற்குச் சமம்.

நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. குழல் வழியாக மூச்சை இழுப்பதற்கு நுரையீரல் வழக்கத்தைவிடக் கூடுதலாக உழைக்க வேண்டும். அந்த இழுவையில் நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொண்டு ஆக்சிஜன் அளவு சட்டென்று சரியலாம் என்று ஹவாய்த் தீவுகளின் ஸ்நார்க்கலிங் மரணங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஒரு சொட்டுக் கடல்நீர்கூட உள்ளே போகாமலே இது நேரலாம். இரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் உள்ளவர்கள் புறப்படும் முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நீரில் இருக்கும்போது காரணமில்லாமல் மூச்சு வாங்கினாலோ கைகால் தளர்ந்தாலோ, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று தொடராதீர்கள். மல்லாந்து மிதந்து, முகக்கண்ணாடியைக் கழற்றி, துணைக்கு வந்தவரிடம் சொல்லிக் கரையேறுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, நிற்க முடிகிற ஆழத்தில் மட்டும் பாருங்கள். அந்த ஆழத்திலேயே குட்டிச் சுறாக்களும் திருக்கைகளும் வண்ண மீன்களும் வரும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. முகத்துக்குக் களிம்பு பூசுகிறவர்கள் முதுகையும் முழங்காலின் பின்புறத்தையும் மறந்துவிடுகிறார்கள். குப்புற மிதக்கும்போது நிலநடுக்கோட்டு வெயில் விழுவது அங்கேதான். கருத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பது தவறான நம்பிக்கை. முழுக்கை நீச்சல் சட்டை களிம்பைவிட நம்பகமானது, பவளத்துக்கும் கேடில்லை. முகப்பருவுக்காக டாக்ஸிசைக்ளின் சாப்பிடும் இளைஞர்களுக்கு இந்த வெயில் இன்னும் கூடுதலாகச் சுடும்.

இனி ஸ்கூபா. முன்பயிற்சி இல்லாதவர்களைப் பயிற்றுநரின் துணையோடு 12 மீட்டர் வரை அழைத்துச் செல்லும் அறிமுக முழுக்கு பல விடுதிகளில் பிரபலம். அதற்கு முன் தரும் மருத்துவப் படிவத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று குறிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 'ஆம்' என்று எழுதினால் அனுப்பமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு புதுமணப் பெண் தலைவலிக்கு மாத்திரை கேட்டு என் அறைக்கு வந்தார். அவர் திறந்த கைப்பையில் நீல நிற இன்ஹேலர் இருந்தது. மறுநாள் காலை முழுக்குக்குப் பெயர் கொடுத்திருந்தார்.

"ஆஸ்துமா இருக்கிறதா அம்மா?"

"சின்ன வயதில்தான் டாக்டர். இப்போது குளிர் பட்டால் மட்டும் வரும். அவர் ஆசையாகப் பணம் கட்டிவிட்டார், போகவில்லை என்றால் வருத்தப்படுவார்."

இந்தப் பதிலில் இருக்கும் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நுரையீரலுக்கு அது புரியாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே இழுத்த மூச்சு, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரிகிறது. இறுகிப்போன மூச்சுக்குழாய்க்குப் பின்னால் அந்தக் காற்று சிக்கிக்கொண்டால் நுரையீரல் கிழியலாம், காற்றுக்குமிழி இரத்தத்தில் கலந்து மூளைவரை போகலாம். கணவரையும் அழைத்து உட்காரவைத்து இதை விளக்கினேன். இருவரும் முழுக்கை ரத்து செய்துவிட்டு அடிப்பகுதி கண்ணாடியாலான படகில் போய்வந்தார்கள்.

கருவுற்றிருப்பவர்கள், கருவுற்றிருக்கலாம் என்று சந்தேகப்படுபவர்கள் ஸ்கூபா செய்யவே கூடாது. சளியும் மூக்கடைப்பும் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். காதின் உள்ளழுத்தத்தைச் சரிசெய்ய முடியாமல் செவிப்பறை கிழிந்தால் வலியோடுதான் ஊர் திரும்ப வேண்டியிருக்கும்.

முழுக்கு முடிந்து விமானம் ஏறும் நேரமும் முக்கியம். ஆழத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் உயரே போனால் குமிழிகளாகி மூட்டு வலி, மரத்துப்போதல், நடைதடுமாற்றம் என்று காட்டும். ஒரே ஒரு முழுக்கு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முழுக்குகள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வழிகாட்டல். 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. இந்தக் கோளாறுக்கு முதலுதவி தூய ஆக்சிஜன், சிகிச்சை உயரழுத்த அறை. பண்டோஸ் தீவில் அப்படியோர் அறை இருக்கிறது, ஆனால் எல்லாத் தீவிலும் கிடையாது.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது கடல்மேல் கட்டிய அறைகளைப் பற்றி. விளம்பரப் படத்தில் அவ்வளவு அழகாகத் தெரியும் அந்த மரத்தளத்துக்குப் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இருக்காது, படி நேரே கடலில் இறங்கும். நீங்கள் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு குழந்தை வெளியே போய்விடும். சிறு குழந்தை இருந்தால் கரையோர அறையைக் கேளுங்கள். காற்றடைத்த கைவளையங்கள் விளையாட்டுப் பொருள்கள், அவை உயிரைக் காக்காது. பெரியவர்கள் பலர் சேர்ந்து இருக்கும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றே பொருள்.

மது அளவில்லாமல் கிடைக்கும் இடத்தில் மதிய உணவோடு குடித்துவிட்டுக் கயாக்கில் ஏறுகிறார்கள். குடித்த நாளில் கடல் வேண்டாம், அவ்வளவுதான். ஜெட் ஸ்கீயில், விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றைக் கையிலோ ஜாக்கெட்டிலோ மாட்டாமல் கிளம்பாதீர்கள்.

கல்மீன் முள்ளோ திருக்கை வாலோ குத்தினால், கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் காலை வைத்திருக்க வேண்டும். சூட்டை அடிபடாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டி வைப்பது பயன் தராது. கூடு காக்கும் பெரிய கிளாத்தி மீன் துரத்தினால் மேலே எழாமல் பக்கவாட்டில் விலகுங்கள். அது காக்கும் எல்லை மேலே போகப் போக விரியும்.

நாள்களை எப்படி அடுக்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முறை இது. இரவெல்லாம் பயணம் செய்து வந்த முதல் நாள் கடலில் நீந்த வேண்டாம், தண்ணீர் குடியுங்கள், உறங்குங்கள், லகூனைக் கரையிலிருந்தே பாருங்கள். ஸ்கூபா உண்டென்றால் இரண்டாம், மூன்றாம் நாளிலேயே முடித்துவிடுங்கள். கடைசி நாளைத் தரைக்கு விட்டுவிடுங்கள், ஸ்பா, கைப்பந்து, மாலைநேர நடை போதும். தொகுப்பில் உள்ளவற்றில் பாதியைத் தொடாமல் திரும்பினாலும் நட்டமில்லை.

நீரிலிருந்து தூக்கியவருக்கு மூச்சில்லை என்றால் தலைகீழாகத் தொங்கவிடுவது, வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுவது இரண்டும் செய்யக் கூடாதவை. அவருக்குத் தேவை காற்று. முதலில் வாயோடு வாய் வைத்துச் செயற்கைச் சுவாசம், பிறகு மார்பழுத்தம், இரண்டையும் மாறி மாறி, மருத்துவர் வரும்வரை. இதைப் புறப்படும் முன் உங்கள் ஊரிலேயே அரை நாளில் கற்றுக்கொள்ளலாம்.

தீவின் மருத்துவ அறையில் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். தீவிர சிகிச்சைக்கு மாலேவின் இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்குப் போக வேண்டும். கடல்விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கின்றன. இரவில் விரைவுப் படகுதான், தொலைவான அட்டாலிலிருந்து (பவளத்தீவுக் கூட்டத்திலிருந்து) அது மணிக்கணக்காகும். காப்பீடு எடுக்கும்போது, நோயாளியை இடம்மாற்றும் செலவும் ஸ்கூபா, ஜெட் ஸ்கீ போன்ற விளையாட்டுகளில் நேரும் காயமும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். அவசர எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் தாளில் எழுதி அறைச் சாவியோடு வைத்துக்கொள்ளுங்கள்.