மரக்கடைச் சீட்டில் கன அடியைச் சரிபார்த்தீர்களா?

போன ஆவணியில் ஓர் அம்மா மரக்கடைச் சீட்டோடு என் தச்சுப் பட்டறைக்கு வந்தார். தலைவாசல் நிலைக்குத் தேக்கு வாங்கியிருந்தார். "தம்பி, நீங்க கன அடி 4,200-ன்னு கணக்குப் போட்டீங்க. நான் நாலு கடை ஏறி இறங்கி 4,000-க்குப் பேசி வாங்கினேன். ஆனா மொத்தம் உங்க கணக்கைவிடக் கூடல்ல வருது?" என்றார்.

சீட்டில் ஒரே வரிதான். தேக்கு, 2.81 கன அடி, தொகை. எத்தனை கட்டை, என்ன அகலம், என்ன நீளம், ஒன்றும் இல்லை.

அறுத்த மரத்துக்குக் கணக்கு எளிது. அகலமும் தடிமனும் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி, கடையில் சி.எப்.டி. என்பார்கள். அந்த அம்மாவின் நிலை 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம், 5-க்கு 3 அங்குலக் கட்டை. இரண்டு கால், மேல்கட்டை, கீழ்ப்படி சேர்த்து 21 அடி. 5 × 3 × 21 = 315. அதை 144-ஆல் வகுத்தால் 2.19 கன அடி.

ஆனால் இழைத்து முடித்த பிறகும் முழு 5-க்கு 3 நிற்க வேண்டுமென்றால், அறுக்கும்போதே ஐந்தேகாலுக்கு மூன்றேகால் வேண்டும். அப்போது 2.49 கன அடி. கூட்டியது கால் அங்குலம்தான், மரம் கிட்டத்தட்ட 14 சதவீதம் ஏறிவிடுகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சீவலாகப் போகிற மரத்துக்கும் காசு உண்டு. அதனால்தான் இரண்டு ஆசாரிகளிடம் மதிப்பீடு வாங்கினால், சொன்னது அறுத்த அளவா இழைத்த அளவா என்று கேட்கச் சொல்கிறேன். அதைக் கேட்காமல் இரண்டு தொகையையும் ஒப்பிடுவது வீண்.

சரி, 2.81 எங்கிருந்து வந்தது? கட்டைகளை டேப் வைத்து அளந்தோம். ஐந்தேகாலை ஐந்தரையாகவும், மூன்றேகாலை மூன்றரையாகவும் ஏற்றி எழுதியிருந்தார்கள். விலையில் கன அடிக்கு 200 ரூபாய் குறைத்து வாங்கியவர், அளவில் 1,280 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தார். முப்பது வருடமாகப் பார்க்கிறேன், விலையைப் பேரம் பேசாதவர் இல்லை. கட்டையை அளந்து பார்ப்பவர் அபூர்வம். கஷ்டப்பட்டுச் சேர்த்த பணம் இப்படிப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

உருட்டு மரமாக வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலில் ஒரு பங்கை அதே எண்ணால் பெருக்கி, அடி நீளத்தாலும் பெருக்கி 144-ஆல் வகுப்பது வழக்கம். ஹாப்பஸ் கணக்கு என்று இதற்குப் பெயர். 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 12 × 12 × 10 = 1,440. அதை 144-ஆல் வகுத்தால் 10 கன அடி. தடியின் உண்மையான கன அளவு 12.7 வரும். மிச்சத்தை அறுவைக் கழிவுக்கு விட்டுவிடுகிற கணக்கு இது.

சுற்றளவை நடுமரத்தில் எடுக்க வேண்டும். அடிமரத்தில் 54, நுனியில் 42 உள்ள தடியை அடியில் வைத்து அளந்தால் அதே மரம் 12.66 கன அடி ஆகிவிடும். கன அடி 2,000 ரூபாய் என்று வைத்தாலும் 5,300 ரூபாய் வித்தியாசம். பட்டை இருந்தால் அதற்கும் கழிவு கேளுங்கள். அப்புறம், 10 கன அடித் தடியை அறுத்தால் 10 கன அடி கட்டை வராது. என் அனுபவத்தில் ஆறு, ஆறரை வந்தால் நல்ல மரம். ஆறரை என்றே வைத்தாலும், அந்த 2,000 ரூபாய் மரம் அறுத்த பிறகு 3,000-ஐத் தாண்டுகிறது. அறுவைக்கூலியும் வண்டி வாடகையும் தனி. "தடியா வாங்கினா பாதி விலை" என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

தேக்கில் ஓரமாக ஓடும் வெளிறிய பகுதியையும் பாருங்கள். வண்டும் கரையானும் முதலில் அங்கேதான் ஏறும். உள்ளே கெட்டியாக இருக்கும் வைரத்துக்குக் கொடுக்கிற விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

அந்த அம்மாவோடு கடைக்குப் போய் அளந்து காட்டினேன். வித்தியாசப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். பிறகு ஜன்னல் சட்டத்துக்கு அவர் தனியாகவே போனார். எண்ணிக்கை, அகலம், தடிமன், நீளம், கன அடி என்று கட்டைக்குக் கட்டை எழுதிய சீட்டோடு திரும்பி வந்தார்.