ஆற்றங்கரையில் கிரே டேங்க்கைத் திறப்பவர்களுக்கு

பயணம் முடிந்து சர்வீசுக்கு வரும் ஒவ்வொரு கேரவன்காரரிடமும் நான் முதலில் கேட்பது, "கிரே டேங்க்கை எங்கே காலி பண்ணீங்க?" (வண்டியில் சிங்க் தண்ணீரும் குளித்த தண்ணீரும் சேரும் கழிவுத் தொட்டிதான் கிரே டேங்க்.) வரும் பதில்களில் பாதி பொய். மீதியைக் கேட்டால், இதுவும் பொய்யாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

பெங்களூரில், மைசூரு ரோட்டில் கெங்கேரிப் பக்கம் எங்கள் பட்டறை. வேன்களையும் சிறு பஸ்களையும் கேரவனாக மாற்றுகிறோம். வேறு இடத்தில் மாற்றி வந்ததைச் சரிசெய்தும் கொடுக்கிறோம். குழாய், டேங்க், டாய்லெட் எல்லாம் என் பொறுப்பு. அதாவது, நீங்கள் திறந்துவிட்டு மறந்துபோகும் சமாச்சாரங்களைக் கழற்றிப் பார்ப்பது என் வேலை.

போன வாரம் வந்த வண்டியில் கிரே டேங்க் வால்வு ஒழுகியது. கழற்றினேன். வால்வின் தகடு போய் உட்கார வேண்டிய பள்ளத்தில் வரிசையாகக் கடுகு. அதன்மேல் ஒரு கறிவேப்பிலை, கொஞ்சம் தேங்காய்த் துருவல், ஒரு சுருள் தலைமுடி. எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிய சாம்பல் நிறக் கொழுப்பு, விரல் கனத்துக்கு. நாற்றம் தாங்காமல் ஹெல்பர் பையன் வெளியே போய் நின்றுகொண்டான். "இது டாய்லெட் டேங்க்காண்ணா?" என்று வண்டிக்காரர் கேட்டார். இல்லை சார், உங்கள் வீட்டுச் சாம்பார்தான்.

கதை அப்புறம்தான் வெளியே வந்தது. காவிரிக் கரையில் ஒருவருடைய தோட்டத்தில் குடும்பத்தோடு இரண்டு ராத்திரி தங்கியிருக்கிறார்கள். கிளம்பும் காலையில், எண்பது லிட்டர் டேங்க்கைக் கரையிலேயே திறந்துவிட்டிருக்கிறார்கள். அது நுரைத்துக்கொண்டே சரிவில் இறங்கி ஆற்றில் கலந்திருக்கிறது. கொஞ்சம் கீழே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மா சத்தம் போட, தோட்டக்காரர் ஓடி வர, ஒரே ரகளை. இனி எந்தக் கேரவனும் உள்ளே வரக் கூடாது என்று தோட்டக்காரர் சொல்லிவிட்டார். நம்பி இடம் கொடுப்பவர்களே கொஞ்சப் பேர்தான். அதில் ஒருவர் போனார்.

வண்டிக்காரருக்கு இன்னும் ஆறவில்லை. "வெறும் சோப்புத் தண்ணிதாண்ணா! டாய்லெட்டையா திறந்துவிட்டோம்?"

இந்த "வெறும் சோப்புத் தண்ணி" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் இதை மட்டும் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்லிவிடுகிறேன்.

கிரே டேங்க்கில் சேர்வது சிங்க் தண்ணீரும் குளித்த தண்ணீரும். நம் சிங்க்கில் என்னவெல்லாம் போகிறது? அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, மாவுப் பாத்திரம் கழுவியது, தாளித்த எண்ணெய், தட்டில் மிஞ்சிய குழம்பு. ஸ்டார்ச்சும் எண்ணெயும்தான் அதிகம். வெளிநாட்டு வீடியோவில் ரொட்டித் துண்டு தின்றுவிட்டு ஒரு தட்டைக் கழுவுகிறவர்களின் டேங்க் வேறு, நம் டேங்க் வேறு. குளித்த தண்ணீர் சுத்தம் என்று நினைக்கிறீர்களா? குழந்தைக்குக் கால் கழுவிவிட்டதும் அதே டேங்க்கில்தான் போகிறது. மலத்தில் இருக்கும் கோலிஃபார்ம் கிருமி கிரே வாட்டரிலும் இருக்கும். குறைவாக இருக்கும், இல்லாமல் இருக்காது.

இதையெல்லாம் மூடிய டேங்க்கில் ஊற்றி, வெயிலில் இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். உள்ளே இருக்கும் ஆக்சிஜனைக் கிருமிகள் ஒரு நாளிலேயே தின்று தீர்த்துவிடும். அதன்பின் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகள் வேலையைத் தொடங்கும். அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் உபயம், ஹைட்ரஜன் சல்பைடு. இரண்டாம் நாள் காலை நீங்கள் திறந்துவிடுவது முந்தின நாள் கழுவிய தண்ணீர் இல்லை. அது சாக்கடைக்குப் பக்கத்து வீடு.

கணக்கு வேண்டுமென்றால் ஒன்று. தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்னக் கிருமிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதை பிஓடி என்று அளக்கிறார்கள். 1986-ஆம் வருடத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், ஆறு ஏரிகளில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம். சமையல் சிங்க்கிலிருந்து வரும் தண்ணீர் சர்வ சாதாரணமாகச் சில நூறு மில்லிகிராமைத் தொடும். ஒரு தொழிற்சாலை இப்படிச் செய்தால் நாமே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவோம்.

"நாங்க பயோ சோப்புதான் யூஸ் பண்றோம்" என்பது அடுத்த கட்சி. பாட்டிலில் இலைப் படம் போட்டிருக்கும். எளிதில் மக்கும் என்று முத்திரை வாங்க, சோப்பைக் கிருமிகளோடு சேர்த்து வைத்து 28 நாள் சோதிப்பார்கள். அதற்குள் குறிப்பிட்ட பங்கு சிதைந்தால் பாஸ். நீங்கள் ஊற்றிய தண்ணீர் ஆற்றில் இறங்க 28 நிமிடம்கூட ஆகாது. அப்படியே சிதைந்தாலும் ஆற்றின் ஆக்சிஜனைத் தின்றுதான் சிதையும். சிதைவதற்கு முன்னால், நுரை தரும் அந்தப் பொருளே மீனின் செவுளைக் கெடுக்கும். மக்கும் சோப்பு மண்ணுக்கானது. மண்ணில்தான் அதைத் தின்னும் கிருமிகள் ஏராளம்.

படித்தவர்கள் இன்னொன்று கேட்பார்கள். 2024 கோடையில் பெங்களூரே தண்ணீருக்குத் தவித்தபோது பாத்திரம் கழுவிய தண்ணீரை எல்லாரும் செடிக்குத்தானே விட்டோம், அப்போது நல்லதாக இருந்தது இப்போது எப்படிக் கெட்டுப்போனது? நியாயமான கேள்விதான். அன்றன்றைய தண்ணீரை அன்றே, வாளி வாளியாக, பல செடிகளுக்குப் பிரித்து ஊற்றினீர்கள். மண் அதைத் தாங்கும். இங்கே எண்பது லிட்டர் அழுகிய தண்ணீர் மூன்று நிமிடத்தில் ஒரே இடத்தில் கொட்டுகிறது. கொழுப்பு மண்ணின் துளைகளை அடைக்கும், சோப்பில் உள்ள சோடியம் மண்ணை இறுக்கும், மிச்சம் வழிந்து ஓடும். ஆற்றில் பாத்திரம் துலக்கிய அம்மாவைக் காட்டி, "அவங்க மட்டும் செய்யலாமா?" என்று வண்டிக்காரர் மடக்கப் பார்த்தார். அதுவும் நல்லதில்லைதான். ஆனால் ஒரு துண்டு சோப்பும் நாலு பாத்திரமும் உங்கள் டேங்க்கும் ஒன்றாகிவிடாது. போதாததற்கு, அது அவர் குடிக்கும் ஆறு.

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியை நினைத்துப் பாருங்கள். நுரை ரோட்டில் பறந்து பைக்கில் போகிறவர்கள் முகத்தில் அடித்த ஊர் இது. 2015-இல் அந்த நுரையே தீப்பிடித்தது. அதில் சேர்ந்த வீட்டுக் கழிவுநீரில் எல்லார் வீட்டு "வெறும் சோப்புத் தண்ணி"யும் உண்டு. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் தண்ணீர் தென்பெண்ணையில் சேர்ந்து ஒசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அணை மதகில் நுரை பொங்கும் படத்தை டிவியில் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொன்னவர்களும் நாம்தான்.

சரி, ஆற்றில் விடமாட்டோம், ஊருக்குத் திரும்பி "சாக்கடையில்" விடுகிறோம் என்கிறார்கள் சிலர். எந்தச் சாக்கடை? பெங்களூரில் கழிவுநீருக்குப் பாதாளச் சாக்கடை தனி, மழைநீர்க் கால்வாய் தனி. ரோட்டோரம் கம்பி போட்டுத் திறந்திருப்பது மழைநீருக்கானது. அது ராஜகால்வாய் என்கிற பெரிய மழைநீர் வாய்க்கால் வழியாக, எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல், ஏரிக்கோ ஆற்றுக்கோ போகும். இந்தக் குழப்பத்துக்கும் வெளிநாட்டு வீடியோதான் காரணம் என்று நினைக்கிறேன். ஐரோப்பிய கேம்ப் சைட்டுகளில் வண்டியைத் தரைக் கம்பி மேல் நிறுத்தி வால்வைத் திறப்பார்கள். பார்க்க நம்மூர் ரோட்டோரக் கம்பி மாதிரியே இருக்கும். ஆனால் அதற்கு அடியில் இருப்பது கழிவுநீர்க் குழாய். இங்கே அதற்கு அடியில் இருப்பது விருஷபாவதி.

எங்கள் பட்டறைக்குப் பக்கத்தில் ஓடுகிற அதே விருஷபாவதி ஆறு. பைரமங்களா ஏரி வழியாக அர்க்காவதியில் சேர்கிறது. அர்க்காவதி, சங்கமம் என்ற இடத்தில் காவிரியோடு கலக்கிறது. அப்புறம் மேகதாது, ஒகேனக்கல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குடிதண்ணீர் எடுப்பது அங்கிருந்துதான். காவிரி நீர் வேண்டும் என்று வாதாடும் நம் ஆட்களே மேலே இருந்து இதைக் கலந்து அனுப்பினால் என்ன சொல்வது?

டாய்லெட் டேங்க் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அருவருப்பே மக்களைப் பாதி காப்பாற்றிவிடுகிறது. கேசட் டாய்லெட் (கழிவுத் தொட்டியைப் பெட்டி மாதிரி உருவி எடுக்கும் வகை) என்றால் தொட்டியைக் கழற்றி, வீட்டுக் கம்மோடிலேயே மெதுவாக ஊற்றிவிடலாம். கவனிக்க வேண்டியது அதில் ஊற்றும் மருந்து. சில மருந்துகளில் ஃபார்மால்டிஹைடு மாதிரிக் கிருமிக்கொல்லி இருக்கும். பண்ணை வீட்டு செப்டிக் டேங்க்கில் அது போனால், அங்கே மலத்தைச் செரிக்கிற கிருமிகளும் சாகும். செப்டிக் டேங்க்குக்கு ஏற்றது என்று லேபிளில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். குழி தோண்டிப் புதைப்பது, மருந்து கலந்திருந்தால், கண்டிப்பாகக் கூடாது. அடைத்துக்கொண்டால் ஆளைக் கூப்பிட்டுக் கையால் அள்ளச் சொல்லாதீர்கள். மலம் அள்ள ஆளை வைப்பது 2013 சட்டப்படி குற்றம். காசு கொடுத்தேன் என்பதெல்லாம் பதிலாகாது.

இனி செய்ய வேண்டியவை. சிங்க் ஓட்டையில் மெல்லிய சல்லடை போடுங்கள். பத்து ரூபாய் விஷயம், கடுகு தாண்டாது. தட்டைக் கழுவுமுன் பேப்பரால் வழித்துக் குப்பையில் போடுங்கள். வறுத்த எண்ணெயை பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கஞ்சி வடிக்காதீர்கள், குக்கர் எதற்கு இருக்கிறது? வாளிக் குளியல் போதும். ஷவரில் நின்று பாட்டுப் பாடினால் டேங்க் ஒரே நாளில் நிறையும்.

இடத்தை புக் செய்யும் முன்பே கேளுங்கள்: "கழிவுத் தண்ணி விட லைன் இருக்கா? செப்டிக் டேங்க்கா, பாதாளச் சாக்கடையா?" வைஃபை இருக்கிறதா என்று கேட்கத் தெரிகிறது, இதைக் கேட்க மட்டும் கூச்சம். நீங்கள் இருக்கும் அப்பார்ட்மெண்டில் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருந்தால் அசோசியேஷனிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் எண்பது லிட்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. செக்யூரிட்டிக்குத் தெரியாமல் பேஸ்மெண்ட் டிரெயினில் மட்டும் விடாதீர்கள். அது பல இடங்களில் மழைநீர்க் குழியில் போய் முடிகிறது.

வால்வைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டே ஹைவேயில் ஓட்டி டேங்க்கைக் காலி செய்யும் புத்திசாலிகளே, பின்னால் பைக்கில் வருகிறவனுக்குக் குடும்பம் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணீரில் டயர் வழுக்கும்.

கேசட் கழுவிய ஹோசையே குடிதண்ணீர் டேங்க்கிலும் சொருகுகிறார்கள். இதைப் படிக்கும்போதே உங்களுக்குக் குமட்டினால் நல்லது. இரண்டு ஹோஸ், இரண்டு நிறம், வேறு வேறு பெட்டி. கையுறை போடுங்கள்.

எங்கேயும் லைன் இல்லை, டேங்க் நிறைகிறது என்றால்? முதலில் தண்ணீர் செலவைக் குறையுங்கள். அதுவும் முடியாவிட்டால், இட உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, அன்றைய தண்ணீரை மட்டும் சல்லடையில் வடிகட்டி, ஆறு, ஓடை, கிணறு எதிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளி, பரவலாக வீசித் தெளியுங்கள். 60 மீட்டர் என்பது நடந்தால் சுமார் எண்பது எட்டு. கற்பாறை மேல் வேண்டாம், ஈரமான சரிவில் வேண்டாம். இரண்டு நாள் பழசு என்றால் இதுவும் கிடையாது, வீட்டுக்குத்தான். காட்டுப் பகுதியில் எதுவுமே கிடையாது. பந்திப்பூர் வழியில் வண்டி நிறுத்திச் சாம்பார்த் தண்ணீரைக் கொட்டினால் அந்த வாசனைக்குக் குரங்கும் காட்டுப்பன்றியும் ரோட்டுக்கு வரும். அப்புறம் அவை லாரியில் அடிபடும். ஆற்றிலோ கிணற்றிலோ அசுத்தத்தை விடுவது 1974 தண்ணீர்ச் சட்டத்தின் 24-ஆவது பிரிவில் தடை செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். தொழிற்சாலைக்கு மட்டும்தான் என்று அதில் எழுதியில்லை.

வண்டி கட்டக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல தண்ணீர் டேங்க் 120 லிட்டர் கேட்டுவிட்டு, கிரே டேங்க் 40 போதும் என்கிறீர்கள். உள்ளே போவதில் பெரும்பகுதி வெளியே வரத்தான் செய்யும். பின்சீட்டுக்கு அடியில் இடம் போகிறதே என்று கணக்குப் பார்த்தால், அந்த மிச்சம் யாரோ ஒருவரின் தோட்டத்தில்தான் இறங்கும்.

நம் பட்டறையில் பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறது. டேங்க் நிறைந்தபடி வந்தால் நான் திட்டமாட்டேன், காசும் வாங்கமாட்டேன். முன்கூட்டியே போன் பண்ணிவிட்டு வாருங்கள். திங்கட்கிழமை காலையில் மட்டும் வேண்டாம், ஊர் சுற்றிய வண்டிகள் எல்லாம் அன்றைக்குத்தான் சர்வீசுக்கு வரிசை கட்டும்.