நாற்காலி சாய்ந்ததுமே குழந்தை ஏன் கதறுகிறது?

பல் மருத்துவர் இன்னும் வாயைத் தொடவில்லை. நாற்காலி பின்பக்கம் சாயத் தொடங்கியதுமே ஆட்டிசம் உள்ள குழந்தை உடம்பை வில்லாக வளைத்துக் கதறுகிறது. பார்ப்பவர்கள் பிடிவாதம் என்கிறார்கள். இரக்கமுள்ளவர்கள் பயம் என்கிறார்கள். ஆனால் காரணம் பல சமயம் உட்காதில் இருக்கலாம். அங்கே மெல்லிய மயிர்ச்செல்களின் மேல் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் படிந்திருக்கின்றன. தலை சாய்ந்தால் அவை நகர்ந்து மூளைக்குச் சேதி சொல்கின்றன. அசைவைத் தாங்க முடியாத குழந்தைக்கு மெல்லச் சாய்வதும் மல்லாக்க விழுவதும் ஒன்றுதான். அதனால் குழந்தை உள்ளே வருமுன்பே நாற்காலியைச் சாய்த்து வைத்துவிட வேண்டும். தானே ஏறித் தானே படுக்கட்டும்.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நாற்காலியே வேண்டாம். அம்மாவும் மருத்துவரும் எதிரெதிரே, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வேண்டும். குழந்தை அம்மாவைப் பார்த்தபடி, அவர் இடுப்பைச் சுற்றிக் கால் போட்டு உட்காரும். பிறகு அதன் தலையை மருத்துவரின் மடியில் சாய்க்க வேண்டும். இங்கும் சாய்வு உண்டு; ஆனால் அம்மாவின் முகம் கண்ணை விட்டு அகலாது.

உதடு, பல், ஈறு ஆகியவற்றின் உணர்ச்சியைச் சுமப்பது ஐந்தாம் மண்டை நரம்பு. 1937இல் மூளை அறுவை மருத்துவர் வில்டர் பென்ஃபீல்டு வெளியிட்ட மூளை வரைபடத்தில் உதட்டுக்கும் நாக்குக்கும் கிடைத்த இடம் முதுகுக்கும் வயிற்றுக்கும் கிடைக்கவில்லை. எல்லோருக்குமே வாய் கூச்சம் மிக்க இடம்தான். வேறுபாடு அடுத்த கட்டத்தில் வருகிறது. சட்டைக் காலர் கழுத்தில் உரசுவதைச் சில நிமிடங்களில் நாம் மறந்துவிடுகிறோம். மூளை அந்தச் சேதியின் ஒலியைக் குறைத்துவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் இந்தக் குறைப்பு சரியாக நடப்பதில்லை. பத்தாவது தொடுதலும் முதல் தொடுதலைப் போலவே சுரீர் என்று தைக்கிறது. ‘கொஞ்சம் பொறு, பழகிடும்’ என்று ஒரே அமர்வில் நீட்டிக்கொண்டே போவது தோற்பது இதனால்தான்.

தொடும் விதமும் முக்கியம். விரல்நுனியால் பட்டும் படாமலும் தொடுவதுதான் அதிகம் கூசும். அழுத்தமான தொடுதல் பல குழந்தைகளை அமைதிப்படுத்தும். தோளில் உள்ளங்கையை அழுத்தமாக வைத்து, பிறகு தாடை, கன்னம், உதடு என்று வந்து, கடைசியில் பல்லைத் தொடுவது நல்லது. எக்ஸ்ரே எடுக்கும்போது போர்த்தும் கனமான ஈயக் கவசத்தையே மார்மேல் விரித்தால் சில குழந்தைகள் அடங்கிவிடுகிறார்கள். வேண்டாமென்றால் உடனே எடுத்துவிட வேண்டும்.

‘எரியுது’ என்று புதினா பற்பசையைத் துப்பும் குழந்தை பொய் சொல்லவில்லை. புதினாவின் மெந்தால் குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அது சுவையல்ல, தொடுவுணர்வு. மணமில்லாத, நுரைக்காத ஃபுளோரைடு பற்பசை கிடைக்கிறது. மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும்.

ஒலியில் ஒரு சிக்கல் உண்டு. நிமிடத்துக்கு மூன்று, நான்கு லட்சம் முறை சுழலும் டிரில்லின் கீச்சொலி காற்றில் மட்டும் வருவதில்லை. பல், தாடை எலும்பு வழியாக நேரே உட்காதுக்குப் போகிறது. ஹெட்போன் முதல் பாதையை அடைக்கும், இரண்டாவதை அடைக்காது. ஆகவே டிரில்லையே தவிர்க்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். 38 சதவீத சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற திரவ மருந்தைச் சொத்தையில் ஒரு நிமிடம் போலத் தடவினால், வெள்ளி கிருமிகளைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லை இறுக்கும். பெரும்பாலும் சொத்தை பரவுவது நிற்கும். ஆனால் சொத்தைப் பகுதி நிரந்தரமாகக் கறுத்துவிடும். பெற்றோருக்கு இதை முன்கூட்டியே சொல்லாமல் தடவக் கூடாது. உதட்டில் பட்டாலும் கறை சில நாள் நிற்கும். முதலில் வாசலின் பூசுங்கள். சீழ், வீக்கம், காய்ச்சல் வந்துவிட்டால் இது உதவாது. அப்போது மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்வதில் தவறே இல்லை.

2023இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆட்டிசம் உள்ள 162 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், விளக்கை மங்கலாக்கி, மெல்லிய இசையுடன், உடலை அழுத்தமாக அணைக்கும் போர்வையும் கொடுத்தபோது, தோலின் மின்கடத்தலில் அளந்த பதற்றம் குறைந்தது.

அடுத்து நடக்கப்போவது தெரிந்திருப்பது இதற்கு இணையான மருந்து. நாற்காலி, கண்ணாடி, பிரஷ், வீடு என நான்கு படங்களை வரிசையாகக் காட்டி ஒரு வாரமாவது வீட்டில் ஒத்திகை பாருங்கள். சிகிச்சையின்போது ஒருவர் மட்டும் பேச வேண்டும். சொன்னதை உள்வாங்கப் பத்து விநாடி விட வேண்டும். ஒன்றிலிருந்து பத்து வரை ஒரே வேகத்தில் எண்ணி, பத்தில் கையை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும், வேலை பாதியில் நின்றாலும் சரி. ‘இதோ முடிஞ்சுது’ என்று சொல்லிவிட்டு இன்னும் ஒருமுறை கை வைத்தால், பல மாத உழைப்பு அந்த ஒரு நொடியில் கரைந்துவிடும்.

எதிர்த்திசையும் உண்டு. சில குழந்தைகள் வலியை உணர்வதோ சொல்வதோ குறைவு. திடீரென்று ஒரு பக்கமாக மெல்வது, கன்னத்தில் அடித்துக்கொள்வது, தூக்கம் கெடுவது ஆகியவற்றைப் பல்வலியாகவும் சந்தேகியுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு இரண்டு மூன்று மணி நேரம் கண்கொத்திப் பாம்பாகக் கவனியுங்கள். உணர்ச்சியில்லாத உதட்டை மென்றே புண்ணாக்கிவிடுவார்கள்.

வீடு திரும்பியதும் எந்த எண்ணில் கையைத் தட்டிவிட்டது, எந்தச் சத்தத்தில் காதைப் பொத்தியது என்று எழுதி வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் முதலில் அந்தத் தாளை நீட்டுங்கள்.