சோப்புக்கு எண்ணெய் உருக்க எந்த அடுப்பு நல்லது?

சோப்பு செய்ய ஆரம்பிச்ச புதுசுல எண்ணெய் உருகணும்னா அடுப்பு நல்லா எரியணும்னு நினைச்சுட்டு ஃபுல் தீயில வச்சுட்டு காஸ்டிக் சோடா (எண்ணெயை சோப்பா மாத்துற காரம்) எடை போடப் போயிட்டேன், திரும்பி வந்தா பாத்திரத்துல இருந்து லேசா புகை. அது ஆறுற வரைக்கும் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்ததுதான் மிச்சம்.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அப்புறம் ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு கிலோ உறைஞ்ச தேங்காய் எண்ணெய், 20 டிகிரியில இருக்கு, அதை உருக்கி 45 டிகிரிக்குக் கொண்டு வர சுமாரா 150 கிலோஜூல் வேணும், இதுல பெரும்பகுதி உருகுறதுக்கே செலவாயிடும். ஆயிரம் வாட் சூடு முழுசா எண்ணெய்க்குள்ள போகுதுன்னா இது ரெண்டரை நிமிஷ வேலை. உருகிட்டு இருக்கிற வரைக்கும் வர்ற சூட்டையெல்லாம் கட்டிதான் வாங்கிக்கும், அதனால வெப்பநிலை பெருசா ஏறாது, நமக்கும் "இன்னும் சூடே ஏறலயே"ன்னு தோணும். கட்டி தீந்த அடுத்த நொடியில இருந்து ரெண்டு செகண்டுக்கு ஒரு டிகிரி ஏறும். தண்ணியை விட எண்ணெய் பாதி சூட்டுலயே அதே அளவு ஏறிடும்ங்கிறதால, 45ல இருந்து புகை வர்ற 175 சுமாருக்குப் போக நாலரை நிமிஷம் கூட ஆகாது. நான் எடை போட எடுத்துக்கிட்ட நேரம் அதுக்கும் மேல.

அதனால அடுப்பு வாங்கும்போது "எவ்ளோ சீக்கிரம் உருக்கும்"னு கேக்குறதை விட "மறந்துட்டா எது வரைக்கும் போகும்"னு கேக்கணும்ங்கிறது என் கட்சி. கேஸ் தீயே ஆயிரத்து ஐநூறு டிகிரிக்கு மேல, அதுக்கு உச்சவரம்புன்னு எதுவும் கிடையாது. பாத்திரத்தோட அடி மெல்லிசா இருந்தா இன்னும் மோசம். ஏன்னா ஐஸ் தண்ணியில மிதக்கும், ஆனா கெட்டியான கொழுப்பு தன்னோட உருகின எண்ணெயில மூழ்கும், உறையும்போது சுருங்கி கனமாயிடும். அப்போ அந்தக் கட்டி நேரா தீ படுற அடியில போய் உக்காந்துக்கும், எண்ணெய்க்கு சூட்டைக் கடத்துற திறமையும் கம்மி, அதனால மேல இருந்து பாத்தா இன்னும் வெள்ளைக் கட்டி தெரியும்போதே அடியில கருகத் தொடங்கியிருக்கும். கிளறிட்டே இருக்கிறது இதுக்குத்தான்.

டபுள் பாய்லர்ல, அதாவது தண்ணிப் பாத்திரத்துக்குள்ள எண்ணெய்ப் பாத்திரத்தை வச்சு உருக்குற முறையில, இந்தக் கவலை இல்ல. வெளிப் பாத்திரத்துல தண்ணி இருக்கிற வரைக்கும் 100 டிகிரியைத் தாண்டவே முடியாது, தண்ணி வத்தாம மட்டும் பாத்துக்கணும். மெதுவாதான் உருகும், தெரியும், ஆனா நீங்க தைரியமா வேற வேலை பாக்கலாம். இண்டக்ஷன்ல ஒரு தந்திரம் இருக்கு, குறைச்சு வச்சா தொடர்ந்து குறைவா சூடு பண்ணாது, நிறைய மாடல்கள் முழு வேகத்துல கொஞ்ச நேரம் போட்டு அணைச்சு, திரும்பப் போட்டு அணைச்சுதான் சராசரியைக் குறைக்கும், அதனால அடி கனமான பாத்திரம் இருந்தாதான் அந்த சூட்டு ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கும். மைக்ரோவேவ் சின்ன அளவுக்கு வசதிதான், ஆனா தண்ணி அளவுக்கு எண்ணெய் மைக்ரோவேவ் அலையை இழுக்காது, ஒரே மாதிரியும் சூடாகாது, 30 செகண்ட் போட்டு எடுத்து கிளறி மறுபடி போடுறதுதான் முறை. பாத்திரம் எதுவா இருந்தாலும் அலுமினியம் மட்டும் வேண்டாம், காஸ்டிக் பட்டா அரிச்சு ஹைட்ரஜன் வாயு விடும்.

அடுப்பே வேணாம், காஸ்டிக் கரைசலோட சூட்டுலயே எண்ணெயை உருக்கிக்கலாம்னு ஒரு கூட்டம் உண்டு, அதுல நியாயமும் இருக்கு. காஸ்டிக் சோடா தண்ணியில கரையும்போது கிராமுக்கு ஒரு கிலோஜூலுக்கு மேல சூடு வரும், கரைசல் 80, 90 டிகிரியைத் தொடும் (சோடாவைத்தான் தண்ணியில போடணும், மாத்திப் போட்டா கொதிச்சுத் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம்). ஒரு கிலோ எண்ணெய்க்கு 150 கிராம் சோடான்னு வச்சா 165 கிலோஜூல், நாம அடுப்புல கேட்ட அதே கணக்கு! ஆனா அதுல ஒரு பங்கு தண்ணியையே சூடாக்கி வச்சிருக்கும், எண்ணெய்க்கு மிச்சம்தான் கிடைக்கும். தேங்காய் எண்ணெய், பாமாயில், ஷியா பட்டர் வரைக்கும் ஓடிடும். 62 டிகிரிக்கு மேல உருகுற தேன்மெழுகும் 69 கிட்ட உருகுற ஸ்டியரிக் ஆசிடும் இருந்தா இதை நம்பி இறங்காதீங்க, கலவை கலக்கும்போதே ஆறி அந்தக் கொழுப்பு திரும்ப உறைஞ்சுரும். பாக்க கெட்டியா ட்ரேஸ் (எண்ணெயும் காரமும் ஒண்ணா சேர்ந்து கெட்டியாகுற கட்டம்) வந்த மாதிரியே இருக்கும், நானும் சந்தோஷமா அச்சுல ஊத்திட்டேன். மறுநாள் மேல எண்ணெயும் கீழ காரத்தண்ணியுமா பிரிஞ்சு நின்னுச்சு.

இப்போ நான் பண்றது, முதல்ல ரொம்ப கெட்டியானதை மட்டும் டபுள் பாய்லர்ல போட்டு முழுசா தெளியுற வரை உருக்கிட்டு, அடுப்பை அணைச்சுட்டு, ஏற்கனவே திரவமா இருக்கிற எண்ணெய்களை அதுல ஊத்துறது. அதுவே சூட்டை இழுத்து மொத்தத்தையும் கீழ கொண்டு வந்துடும். ஊத்தும்போது ஓரத்துல வெள்ளையா மேகம் மாதிரி படர்ந்தா கொஞ்சம் அவசரப்பட்டுட்டோம்னு அர்த்தம், திரும்ப தண்ணி மேல ரெண்டு நிமிஷம் வச்சா கரைஞ்சுரும்.