அகதி: ஒரு நாவலாசிரியர் விடாமல் பிடித்திருக்கும் சொல்

வியட்நாமில் பிறந்து அமெரிக்காவில் எழுதும் நாவலாசிரியர் வியட் தான் நுயென் பற்றி ஒரு வாசகர் கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. குறிப்பு எழுதும்போதே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். தன்னை 'இமிகிரண்ட்', அதாவது வாழ வந்து குடியேறியவர், என்று சொல்வதை அவர் ஏற்பதில்லை. 'நான் ரெஃப்யூஜி', அதாவது உயிர் தப்பி ஓடி வந்தவன், என்று பல ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வருகிறார். இந்த இரண்டையும் தமிழில் 'புலம்பெயர்ந்தவர்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். அப்படி எழுதினால் அவர் சொல்ல வருவது காணாமல் போய்விடும்.

அவர் பிறந்தது 1971இல், புவோன் மா துவட் என்ற மலைநாட்டு ஊரில். 1975 மார்ச்சில் வடவியட்நாம் படை தன் கடைசித் தாக்குதலில் முதலில் பிடித்தது அந்த ஊரைத்தான். தாய் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு கடற்கரையை நோக்கி நடந்தே தப்பினார். வளர்ப்பு மகள் ஊரிலேயே தங்க நேர்ந்தது. அமெரிக்கா ஆதரித்த தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்ததும் குடும்பம் அமெரிக்கா போய், பென்சில்வேனியாவில் ஒரு ராணுவ முகாமில் இருந்தது. மொத்தக் குடும்பத்துக்கும் பொறுப்பேற்க ஒரே ஆதரவாளர் கிடைக்காததால், 4 வயதுப் பிள்ளையைத் தனியாக ஒரு வெள்ளையர் வீட்டுக்கு அனுப்பினார்கள். தன் நினைவு அந்தப் பிரிவிலிருந்துதான் தொடங்குகிறது என்று அவர் எழுதியிருக்கிறார். 2016இல் முதல் நாவலுக்கே புலிட்சர் பரிசு வாங்கியவர், இன்று பல்கலைக்கழகப் பேராசிரியர். ஆனாலும் அந்தச் சொல்லை விடவில்லை.

ஏன்? இமிகிரண்ட் கதை, அவர் வந்து சேர்ந்த நாட்டுக்கு இனிப்பானது. எங்கள் நாடு நல்ல நாடு, அதனால்தான் தேடி வருகிறார்கள் என்று அது சொல்லும். ரெஃப்யூஜி கதை போரைப் பற்றிக் கேட்கும். யார் குண்டு போட்டார்கள், யாரை நம்பவைத்துக் கைவிட்டார்கள் என்று கேட்கும். 2021 ஆகஸ்டில் அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேற, காபூல் விமான நிலையத்தில் மக்கள் விமானத்தின் பின்னால் ஓடியபோது, நுயென் 1975இன் சைகோனை நினைவூட்டி எழுதினார். இலங்கையிலிருந்து, தமிழர் மீதான 1958 வன்முறைக்குப் பிறகு லண்டன் போன அம்பலவாணர் சிவானந்தன், அவரும் பின்னாளில் நாவல் எழுதியவர், தங்கள் நாடுகளை ஆண்ட பிரிட்டனை நோக்கி இதையே ஒரு வரியில் சொன்னார்: நீங்கள் அங்கே இருந்ததால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம்.

சரி, சொற்களுக்கு வருவோம். 'ரெஃப்யூஜி' பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 1685இல் பிரான்ஸ் அரசர் பதினான்காம் லூயி சீர்திருத்தக் கிறித்தவர்களின் வழிபாட்டு உரிமையைப் பறித்தார். தப்பி இங்கிலாந்து போன அந்த ஹியூகனாட் மக்களைக் குறிக்கத்தான் அங்கே இந்தச் சொல் பரவியது. வேர் லத்தீனில் 'ஓடு' என்னும் வினை. சொல்லுக்குள் ஓட்டமும் இருக்கிறது, ஒதுங்க ஓர் இடமும் இருக்கிறது. 1951இன் ஐ.நா. உடன்படிக்கை இதற்குச் சட்டப் பொருள் தந்தது. இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றில் ஒன்றால் துன்புறுத்தப்படுவோம் என்று அஞ்சத் தக்க காரணம் இருந்து நாட்டை விட்டு வெளியே இருப்பவர் ரெஃப்யூஜி.

தமிழில் நாம் சொல்லும் 'அகதி' வடசொல். அ + கதி, அதாவது கதியற்ற ஆள். 'அகதிக்குத் தெய்வமே துணை' என்ற பழமொழியில் வரும் அகதி எல்லை தாண்டியவர் அல்ல, ஆதரவில்லாத ஏழை. அந்தப் பழைய சொல்லின் மேல்தான் சட்டப் பொருள் பின்னால் ஏறியது. ஆங்கிலச் சொல் புகலிடத்தைக் காட்டுகிறது. நம் சொல் இல்லாமையை மட்டும் காட்டுகிறது. இது எனக்கு உறுத்துகிறது. மகனைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி நடந்த பெண்ணைக் கதியற்றவள் என்று எப்படிச் சொல்வது? வழியை அவளே அல்லவா கண்டுபிடித்தாள்?

தனித்தமிழில் 'ஏதிலி' என்கிறார்கள். ஈழத்து எழுத்தில் நன்றாகப் புழங்கும் சொல். ஒலியும் அழகு, ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும். ஆனால் 'ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின்' என்று குறள் சொல்லும்போது ஏதிலார் என்றால் அயலார். தப்பி வந்தவரை அயலார் என்பது ஊர்க்காரர் பார்வை. வந்தவர் தன்னைத்தானே அப்படிச் சொல்லிக்கொள்வாரா என்று தயங்குகிறேன்.

'புலம்பெயர்' மிகப் பழைய சொல். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், பல மொழி பேசும் நாடுகளிலிருந்து காவிரிப்பூம்பட்டினம் வந்தவர்களை 'புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' என்று பாடுகிறார். 'இனிது' என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர்கள் விரும்பி வந்து இனிதாகக் கலந்து வாழ்ந்தவர்கள். 1983க்குப் பிறகு ஈழத்தமிழர் நாடு நாடாகச் சிதறியபோது இந்தச் சொல் துயரத்தைச் சுமக்கத் தொடங்கியது. 2020 ஊரடங்கில் நெடுஞ்சாலையில் நடந்த வடமாநிலத்தவரையும் 'புலம்பெயர் தொழிலாளர்' என்றே எழுதினோம். வேலைக்குப் போனவர், படிக்கப் போனவர், உயிருக்குப் பயந்து ஓடியவர் எல்லோரும் இதில் அடக்கம். அதனால்தான் நுயென் செய்யும் வேறுபாட்டை இந்தச் சொல்லால் காட்ட முடிவதில்லை.

இமிகிரண்டுக்குக் 'குடியேறி' சரியாகப் பொருந்துகிறது. குடி என்றால் வீடு, குடும்பம், குடிமகன் என்னும்போது வரும் உரிமையும்கூட. போய்ச் சேர்ந்து நிலைத்துவிட்டவர் என்ற பொருள் அதில் தானாகவே வந்துவிடுகிறது. 'வந்தேறி' வேண்டாம், அது வசையாகிவிட்டது.

ரெஃப்யூஜிக்கு? யோசித்துப் பார்த்து 'அகதி' என்றே எழுதினேன். வேர் பிடிக்காவிட்டாலும், முகாமில் வரிசையில் நின்றவர்கள் அறிந்த சொல் இதுதான். 2021இல் தமிழக அரசு இலங்கை அகதிகள் முகாம்களை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. வலிக்கும் சொல்லை எடுத்துவிடும் அந்த அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அந்த முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூடக் குடியுரிமைக் கேள்வி இன்னும் இருக்கிறது. பெயர்ப்பலகை மாறினாலும் அந்தக் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

அப்புறம் ஓர் இலக்கணச் சிக்கல். முதல் வரைவில் நுயெனை 'அகதியாக வந்த எழுத்தாளர்' என்று எழுதியிருந்தேன். தமிழில் இயல்பான தொடர்தான். ஆனால் 'வந்த' என்றதும் அது முடிந்துபோன செய்தியாகிவிடுகிறது. இன்று அவர் அகதி இல்லை என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். அவர் சொல்வது நேர் எதிர். அதனால் 'வந்த'வை அடித்துவிட்டு 'அகதி எழுத்தாளர்' என்று மாற்றினேன்.