பிட்காயினில் பொதுவுடைமை இருக்கிறதா?

திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் செங்கொடிக் கம்பம் இல்லாத கிராமத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதே ஊர்களில் இன்று செல்போனில் பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். செங்கொடிச் சங்கக் குடும்பத்தில் பிறந்த சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "வங்கி கிடையாது, முதலாளி கிடையாது, கணக்கு எல்லார் கையிலயும் இருக்கு. தாத்தா காலத்துலேர்ந்து தோழர்கள் கேட்டது இதைத்தானே?" நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்த நாணயம் உள்ளுக்குள் எப்படி ஓடுகிறது என்று பார்த்தாக வேண்டும். அரசியல் அங்கே, பொறியியலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

பிட்காயின் என்பது கையில் பிடிக்கும் காசு அல்ல, ஒரு கணக்குப் பேரேடு. யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போனது என்ற வரிகளைப் பக்கம் பக்கமாகக் கட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் முத்திரையைக் குத்தியிருக்கும். பழைய பக்கத்தில் ஓர் எண்ணைத் திருத்தினால் அதற்குப் பிந்தைய அத்தனை முத்திரைகளும் பொய்த்துவிடும். இதுதான் பிளாக்செயின். 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வந்த ஒரு சிறு கட்டுரை இதை முன்வைத்தது. 2009 ஜனவரி 3-இல் எழுதப்பட்ட முதல் பக்கத்தில், பிரிட்டன் அரசு வங்கிகளை இரண்டாம் முறையாகக் கைதூக்கிவிடப் போவதைச் சொல்லும் அன்றைய லண்டன் நாளிதழின் தலைப்பைப் பதித்து வைத்திருக்கிறார்கள். வங்கிகள் மேலிருந்த கோபம் உண்மையானது, அதில் சந்தேகம் வேண்டாம்.

சரி, இந்தப் பேரேட்டின் நகல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. அடுத்த பக்கத்தை யார் எழுதுவது? ஒருவரே எழுதினால் அவர்தான் வங்கி. ஓட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்றால் இணையத்தில் முகம் கிடையாது. ஒரே ஆள் பத்தாயிரம் பெயரில் வந்து பத்தாயிரம் ஓட்டுப் போட்டுவிட்டுப் போவான். கணினி அறிவியலில் இதற்குச் சிபில் தாக்குதல் என்று பெயர். நகமோட்டோவின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் தெரிகிறது. பெயர் உருவாக்கச் செலவில்லை, மின்சாரத்துக்குச் செலவு உண்டு. ஆகவே தலையை எண்ணாமல், செலவான மின்சாரத்தை எண்ணலாம் என்று முடிவு கட்டினார்.

அது எப்படி? முன்பு சொன்ன முத்திரையைத் தருவது ஹேஷ் என்றொரு கணக்கு. "குறுவைக்குத் தண்ணீர் வந்தது" என்று அதற்குள் போட்டால் 64 குறிகள் கொண்ட ஒரு கோவை வெளியே வரும். கடைசியில் ஒரே ஒரு புள்ளி சேர்த்துப் போடுங்கள், முன்னதோடு எந்த ஒட்டுறவும் இல்லாத வேறொரு கோவை வரும். விடையைப் பார்த்து வாக்கியத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. போட்டுப் போட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. பக்கத்தை எழுத விரும்புகிறவர் அதன் கடைசியில் ஓர் எண்ணைச் சேர்த்து, அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். விடையின் தொடக்கத்தில் இத்தனை பூஜ்யம் வரவேண்டும் என்பது விதி. ஒரு குறி 16 வகையாக வரலாம் என்பதால், ஒரு பூஜ்யத்துக்குச் சராசரியாக 16 முயற்சி ஆகும். இரண்டுக்கு 256. ஆறு பூஜ்யத்துக்கு 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டிவிடும். இன்று பிட்காயின் வலை கேட்பது கிட்டத்தட்ட 19 பூஜ்யம். 2016 பக்கங்களுக்கு ஒருமுறை இந்தக் கடினத்தை மென்பொருளே திருத்திக்கொள்வதால், எத்தனை பேர் போட்டிக்கு வந்தாலும் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம்தான் வரும். முந்திக்கொண்டவர் பக்கத்தை எழுதுவார், புதிதாக அச்சாகும் காசையும் எடுத்துக்கொள்வார்.

ஒரு கணினிக்கு ஓர் ஓட்டு என்பதுதான் மூலக் கட்டுரையின் எண்ணம். 2009-இல் வீட்டுக் கணினியை வைத்தே காசு அச்சடிக்க முடிந்தது, அன்றைக்கு அது சமத்துவமாகத்தான் தெரிந்தது. அப்புறம் இந்த ஒரு கணக்குக்காகவே செய்த எந்திரங்கள் வந்தன. இன்று போட்டியில் நிற்பவை மலிவு மின்சாரம் கிடைக்கும் இடத்தில் கிடங்கு கிடங்காக எந்திரம் அடுக்கிய நிறுவனங்கள். மும்முனை மின்சாரம் எப்போது வருமென்று பார்த்திருந்து பம்புசெட் போடுகிற மன்னார்குடி விவசாயிக்கு அந்தப் போட்டியில் இடமே இல்லை.

பங்கீட்டையும் பாருங்கள். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயினுக்கு மேல் வராது என்பது விதி. தொடக்கத்தில் பக்கத்துக்கு 50 பிட்காயின், 2,10,000 பக்கங்களுக்கு ஒருமுறை அது பாதியாகும். 2012-இல் 25 ஆனது, 2024 ஏப்ரலிலிருந்து 3.125. பெருக்கிப் பார்த்தால் முதல் நான்கு ஆண்டுக்குள்ளேயே 1 கோடியே 5 லட்சம், அதாவது மொத்தத்தில் சரிபாதி, வெளியே வந்துவிட்டது. அப்போது இதைப் பற்றித் தெரிந்திருந்தவர்கள் வெகு சிலர். இது நிலம் மாதிரி. அளவு கூடாது, முதலில் வளைத்தவருக்கு எந்த உழைப்பும் இல்லாமல் மதிப்பு ஏறும், பின்னால் வருகிறவர் அவரிடம்தான் வாங்க வேண்டும். பெருநிலக்காரர்களின் மிராசு முறையோடு மோதி வந்த டெல்டாக்காரருக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதுதான். பெயர் மட்டும் புதிது.

மின்சார விரயத்துக்கு மாற்றுவழி உண்டு. எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ வலை 2022 செப்டம்பர் 15-இல் அதற்கு மாறியது, மின்செலவு 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அந்த முறையில் எத்தீரியத்தின் காசான ஈத்தரில் குறைந்தது 32-ஐ ஈடாகக் கட்டியவர்கள் பட்டியலில் சேர்வார்கள், அடுத்த பக்கத்தை எழுதுபவர் குலுக்கலில் வருவார், ஏமாற்றி எழுதினால் ஈட்டில் ஒரு பகுதி பறிபோகும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுக்கு வரும். குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொத்துள்ளவர்களின் பெயரைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த பிரம்மதேய ஊரின் சபை, உழுதவருக்கு அங்கே ஓலையே கிடையாது. ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் வேண்டும். உத்திரமேரூரில் பத்து வேலி நிலம் வைத்திருந்தவருக்கும் ஓலை ஒன்றுதான். எத்தீரியத்திலோ ஈடு பெருகப் பெருகக் குலுக்கலில் வரும் வாய்ப்பும் பெருகும்.

என் முடிவு இங்கிருந்துதான் பிறக்கிறது. முகம் தெரியாதவர்களின் வலை ஆட்களை எண்ண முடியாது, பொருளைத்தான் எண்ண முடியும். அது மின்சாரமாக இருக்கலாம், காசாக இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் சொத்துக்குத்தான் ஓட்டு. நம்மூர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். அதற்குக் காரணம், உறுப்பினர் யார் என்று ஊருக்குத் தெரியும். சோசலிசத்துக்கு முதல் தேவை இந்தத் தெரிதல். கிரிப்டோ வேண்டாமென்று ஒதுக்கியதும் இதையேதான். சங்கத்திலும் பயிர்க்கடனுக்குச் சிட்டா, அடங்கல் கேட்பதால் நிலமில்லாதவர் வெளியே நிற்கிறார் என்பதும் உண்மை. அதைக் கேட்டுப் போராட ஒரு வாசலாவது அங்கே இருக்கிறது.

அப்படியானால் முடியவே முடியாதா? மென்பொருளில் எந்த விதியையும் எழுதலாம் என்பதால் முயன்றவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயினின் கட்டலோனியாவைச் சேர்ந்த என்ரிக் துரான், வங்கிகளிடம் கடன் வாங்கி இயக்கங்களுக்குக் கொடுத்துவிட்டுத் திருப்பித் தர மறுத்தவர். 2014-இல் அவர் தொடங்கிவைத்த கூட்டுறவு வலை, ஃபேர்காயின் என்ற கிரிப்டோவைத் தன் நாணயமாக எடுத்துக்கொண்டது. பின்னர் அதில் போட்டியை எடுத்துவிட்டு, உறுப்பினர் கூட்டம் ஒப்புக்கொண்ட கணினிகள் முறைவைத்துப் பக்கம் எழுதும்படி மாற்றினார்கள். விலையையும் கூட்டமே நிர்ணயித்தது. ஆனால் அதே காசு வெளிச்சந்தையிலும் விற்கப்பட்டது. சந்தை விலை சரிந்தபோது, கூட்டம் சொன்ன விலையை நம்பிச் சரக்குக் கொடுத்த கடைக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். வெளிச்சந்தைக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே நியாய விலை நடத்த முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அனுபவம் எனக்குத் தெரியாது.

வெனிசுவேலா அரசின் பெட்ரோ 2018-இல் வந்து 2024-இல் நின்றது. அது அரசே எண்ணெயைக் காட்டி வெளியிட்ட நாணயம், நம் கேள்விக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

எனக்குப் பிடித்தது 2020-இல் பெர்லினில் தொடங்கிய சர்க்கிள்ஸ் என்ற நாணயம். அதில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரே வேகத்தில் புதுக்காசு பிறந்துகொண்டே இருக்கும். பழைய காசின் மதிப்பு ஆண்டுக்கு 7 விழுக்காடு கரையும், பதுக்கி வைத்துப் பயனில்லை. போலிப் பெயரை எப்படித் தடுப்பது? என் காசு உங்களிடம் செல்ல வேண்டுமானால் நீங்கள் என்னை நம்புவதாகப் பதிய வேண்டும். ஆயிரம் போலிப் பெயரை உருவாக்கினாலும், உண்மையான ஆள் ஒருவராவது நம்பாதவரை அந்தக் காசு போலிகளுக்குள்ளேயே சுற்றும். கென்யாவின் சராஃபு என்ற சமூக நாணயமும் இந்த வகைதான். தெருவில் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் கைமாற்றுக் கொடுத்து வாங்கியவர்களின் பழக்கத்தைத்தான் அது செல்போனுக்குக் கொண்டுபோனது.

உழைப்புக்கு நேராகக் காசு கொடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 1875-இல் ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்து எழுதியபோது மார்க்ஸ், இத்தனை உழைப்புத் தந்தார் என்ற சான்றைக் காட்டிப் பொருள் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சொல்கிறார். கைமாறாத, ஒருமுறை பயன்படுத்தினால் அழிந்துவிடும் சான்றை பிளாக்செயினில் சில வரிகளில் எழுதிவிடலாம். உழைத்தார் என்பதை அதற்கு யார் சொல்வது? கணினியியலில் ஆரக்கிள் சிக்கல் என்று அழைக்கப்படுவது இதுதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அளக்கும் கருவியில் நெல்லைப் போட்டு, எண்ணைப் பார்த்து, சொல்லுகிறவர் ஒரு மனிதர். களத்தில் எந்தக் குவியலின் எந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை அள்ளினார் என்பதில் இரண்டு மூன்று விழுக்காடு மாறிப்போகும். அந்த எண்ணை அழிக்க முடியாத பேரேட்டில் எழுதினால், தவறும் அழிக்க முடியாததாகிவிடும்.

டெல்டாவின் கூலிப் போராட்டமே அளவைப் பற்றியதுதான். கூலியை நெல்லாக அளந்த காலத்தில் மரக்கால் மிராசுதார் கையில் இருந்தது. பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் சவுக்கடிக்கும் சாணிப்பால் குடிக்கவைக்கும் தண்டனைக்கும் எதிராக ஆட்களைத் திரட்டினார்கள். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் கூலி உயர்வுப் போராட்டத்தின் நடுவில்தான். அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கணக்கு எல்லார் கண்ணுக்கும் தெரிந்திருந்தால் மட்டும் இதில் எதுவும் மாறியிருக்காது. அரை மரக்கால் குறைகிறது என்பது அளந்து வாங்கிய ஒவ்வொருவருக்கும் தெரிந்தே இருந்தது.

ஆகவே இதை இங்கே முயல விரும்பும் இளைஞருக்கு நான் சொல்வது, சந்தையில் விலை ஏறும் காசை விட்டுவிட்டு ஒரு நடவுக் குழுவிலிருந்து தொடங்குங்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, நட்டு முடித்துக் கரையேறியதும் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளும் பெண்களுக்கு யார் வந்தார், யார் பாதியில் போனார் என்று சொல்ல எந்த எந்திரமும் வேண்டாம். சர்க்கிள்ஸ் கேட்கும் நம்பிக்கை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களிடம் இல்லாதது, அந்தக் காசை வாங்கிக்கொள்ளும் கடை. உரமும் டிராக்டர் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ரூபாய்தான் கேட்கும். ரூபாய்க்கு மாற்றப் போனால் 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ போன்ற மெய்நிகர் சொத்து லாபத்துக்கு 30 விழுக்காடு வரி காத்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கமோ ரேஷன் கடையோ ஒரு பகுதியையாவது வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டால்தான் அந்தக் காசு குழுவைத் தாண்டி நகரும். அந்த ஒப்புதலை மென்பொருளால் வாங்க முடியாது. சங்கத்தின் பொதுக்குழுவில் போய்க் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.