நீண்ட ஜெர்மன் சொல்லைக் கணினி எங்கே வெட்டுகிறது?

ஜெர்மன் நிறுவனப் பங்குகளைக் கவனித்து வரும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஆண்டறிக்கையை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஆங்கிலத்தில் படிக்கிறேன். மூலத்தில் ஒரு வரி நீளத்துக்கு ஒரே சொல் நிற்கிறது. இதைக் கணினி எந்த இடத்தில் உடைத்துப் புரிந்துகொள்கிறது?" நல்ல கேள்வி. பதிலும் அழகானது.

2019 பிப்ரவரியில் ஜெர்மனியின் நிதிச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான பாஃபின், மின்னணுப் பணப் பரிவர்த்தனை நிறுவனமான வயர்கார்டின் பங்குகளைப் புதிதாக ஷார்ட் அடிப்பதற்கு, அதாவது விலை இறங்கும் என்று நம்பிக் கையில் இல்லாத பங்கை விற்பதற்கு, இரண்டு மாதம் தடை போட்டது. அந்தத் தடைக்கு ஜெர்மனில் பெயர் லேர்ஃபெர்கௌஃப்ஸ்ஃபெர்போட். லேர் என்றால் காலி, ஃபெர்கௌஃப் விற்பனை, ஃபெர்போட் தடை. நடுவில் வரும் 'ஸ்' ஒட்டுவதற்கு மட்டுமே, பொருள் கிடையாது. ஒட்டும்போது எழுத்து சேர்வதும் விழுவதும் நமக்குப் பழகியதுதான், மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர் ஆகிறதே, அந்த மாதிரி. ஆனால் நமக்குக் காதிலேயே தெரிந்துவிடுகிற ஒட்டு கணினிக்குத் தெரியாது, அதன் கண்ணுக்கு இது வெறும் எழுத்து வரிசை. அகராதியில் தேடினாலும் பலன் குறைவு, ஏனென்றால் ஜெர்மன்காரர்கள் தேவைப்பட்ட நேரத்தில் புதுச் சொல்லை ஒட்டி உருவாக்கிக்கொண்டே இருப்பார்கள்.

2003இல் பிலிப் கோன், கெவின் நைட் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். இலக்கணத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டாம், எண்ணச் சொன்னால் போதும் என்பதே அதன் அடிப்படை. அவர்கள் எடுத்துக்கொண்ட சொற்களில் ஒன்று அக்டியோன்ஸ்பிளான், அதாவது செயல்திட்டம் (உச்சரிப்பை விட்டுவிட்டு எழுத்தைப் பார்த்து எழுதுகிறேன்). அவர்களுடைய தரவில் இந்த முழுச்சொல் 852 முறை வந்தது. அக்டியோன் தனியாக 960 முறை, பிளான் 710 முறை. இன்னொரு வெட்டும் உண்டு: அக்ட், இயோன், பிளான் என்று மூன்று துண்டு. அக்ட் 224 முறை வருகிறது. ஜெர்மனில் அயனியைக் குறிக்கும் இயோன் வந்தது ஒரே ஒரு முறை.

இப்போது எந்த வெட்டு சரி? எண்ணிக்கைகளைக் கூட்டி வகுத்தால், அயனியை இழுத்துக்கொண்டு வந்த அந்தத் தப்பான வெட்டுக்கும் 312 மதிப்பெண் கிடைத்துவிடும், பிளானும் அக்டும் சேர்ந்து அதைத் தாங்கிவிடுகின்றன. அதனால் அவர்கள் பெருக்கினார்கள். மூன்று எண்களைப் பெருக்கிக் கனமூலம் எடுத்தால் 54தான் வருகிறது. பள்ளியில் பெருக்கல் சராசரி என்று படித்தோமே, அதுவேதான். பெருக்கும்போது ஒரு துண்டு அபூர்வமாக இருந்தாலே மொத்த வெட்டும் விழுந்துவிடும். இவ்வளவு சின்னக் கணக்கு இவ்வளவு பெரிய வேலையைச் செய்வது எனக்கு இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் இதுவும் சறுக்கும். ஃப்ரைடாக் என்றால் வெள்ளிக்கிழமை, அவர்கள் தரவில் அது 556 முறை வந்தது. ஃப்ரை என்றால் சுதந்திரமான, 885 முறை. டாக் என்றால் நாள், 1864 முறை. பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், 1284 வரும். முழுச்சொல்லைவிட வெட்டுக்கு மதிப்பெண் அதிகம் என்பதால் கணினி வெள்ளிக்கிழமையை 'சுதந்திர நாள்' என்று பிளந்துவிடும். எதிர்த்திசையிலும் தப்பு நடக்கிறது: அக்டியோன், பிளான் என்ற சரியான வெட்டுக்கு 826, முழுச்சொல்லுக்கு 852, ஆகவே வெட்ட வேண்டியதை வெட்டாமல் விட்டுவிடும்.

இந்த இடத்தில் அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிரிக்க வேண்டியது ஜெர்மன் சொல்லை, சாட்சிக்குக் கூப்பிட்டதோ ஆங்கிலத்தை! ஐரோப்பிய நாடாளுமன்ற விவாதங்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் பல மொழிகளில் கிடைக்கின்றன. ஜெர்மன் வாக்கியத்தில் ஃப்ரைடாக் வரும் இடங்களில் ஆங்கில வாக்கியத்தில் ஃப்ரீ, டே என்ற சொற்கள் இருக்கின்றனவா? இல்லை, ஃப்ரைடே இருக்கிறது. அப்படியானால் வெட்டாதே. அக்டியோன்ஸ்பிளான் இருக்கும் இடத்தில் ஆக்‌ஷனும் பிளானும் தனித்தனியாக நிற்கின்றன, அப்படியானால் வெட்டு.

அதற்கும் ஒரு முட்டுக்கட்டை வந்தது. குருண்ட்ரெஷ்டெ என்றால் அடிப்படை உரிமைகள். ஆனால் குருண்ட் என்ற சொல் தனியாக நின்றால் பெரும்பாலும் 'காரணம்' என்ற பொருளில் வரும். ஆங்கிலப் பக்கத்தில் காரணத்தைத் தேடினால் கிடைக்காது, எனவே வெட்ட மறுக்கும். என்ன செய்தார்கள் என்றால், முதலில் எண்ணிக்கையை மட்டும் நம்பி எல்லாவற்றையும் வெட்டினார்கள், எந்த ஜெர்மன் சொல்லுக்கு எந்த ஆங்கிலச் சொல் என்ற பட்டியலை, வெட்டிய உரையிலிருந்து இன்னொரு முறை கணினியைக் கற்க வைத்தார்கள். இரண்டாவது பட்டியலில், குருண்ட் துண்டாக வந்தால் 'அடிப்படை' என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. துண்டாக நிற்கும்போது சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்பதை யாரும் சொல்லித்தராமல் அது கண்டுபிடித்தது.

நிதிச்சந்தைச் சொற்களுக்கு இது உயிர்நாடி. லேர் தனியாக நின்றால் காலி, ஃபெர்கௌஃபோடு ஒட்டினால் ஷார்ட். கையில் இல்லாத பங்கைக் கடன் வாங்கி விற்று, விலை இறங்கியதும் வாங்கித் திருப்பிக் கொடுப்பதுதான் அது. குர்ஸ் என்ற சொல் சந்தையில் விலை, வெக்ஸெல்குர்ஸ் என்றால் நாணய மாற்று விகிதம், ஷ்ப்ராக்குர்ஸ் என்றால் மொழி வகுப்பு. ஆகவே சரியாக வெட்டுவது பாதி வேலைதான்.

இன்றைய செயலிகள் இந்த வெட்டை வேறு மாதிரி செய்கின்றன. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ரிக்கோ சென்ரிச் குழு 2015 வாக்கில், பிலிப் கேஜ் 1994இல் கோப்புகளைச் சுருக்கக் கண்டுபிடித்த உத்தியை மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவந்தது. தனி எழுத்துகளில் தொடங்கி, அதிகம் சேர்ந்து வரும் ஜோடியை ஒட்டு, மறுபடி எண்ணு, மறுபடி ஒட்டு, அவ்வளவுதான். பொருளை எல்லாம் அடுத்து வரும் நரம்பு வலைப்பின்னல் (உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்கும் நிரல்) பார்த்துக்கொள்ளும்.

எந்த வழியானாலும் அடித்தளம் இருமொழி உரைகளே. ஐரோப்பாவில் அது பொதுப்பணத்தில் மொழிபெயர்க்கப்பட்டு எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டது. நம் ஊரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவரும் அரசு ஆவணங்களில் எத்தனையோ, ஸ்கேன் செய்த படமாகவோ பழைய எழுத்துருவிலோ முடங்கிக் கிடக்கின்றன. பெரிய கணினி வாங்க நிதி ஒதுக்குவதற்கு முன், இவற்றை யூனிகோடில், வாக்கியம் வாக்கியமாக இணைத்துத் தரும் வேலைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, வாசகர் கையிலிருக்கும் அறிக்கைக்கு வருவோம். சொற்களைவிட எண்களைக் கூடுதலாகக் கவனியுங்கள். ஜெர்மன் மில்லியார்டெ என்பது நூறு கோடி, அதாவது ஆங்கில பில்லியன். ஜெர்மன் பில்லியோன் என்பது லட்சம் கோடி, ஆங்கிலத்தில் டிரில்லியன், எழுத்து ஒன்றாக இருந்தும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். 2020இல் வயர்கார்ட் கணக்கில் காணாமல் போன தொகை ஜெர்மனில் 1,9 மில்லியார்டன் யூரோ என்று எழுதப்பட்டது, அங்கே தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி, ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி. அட்டவணைத் தலைப்பில் யூரோக் குறிக்கு முன்னால் 'டி' (T) என்ற ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் அதை டிரில்லியன் என்று எடுத்துவிடாதீர்கள், தௌஸெண்ட், ஆயிரம் யூரோ. செயலி சில நேரம் அந்த எழுத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும், மூல அறிக்கையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே படியுங்கள்.